அறிக்கையில் ஒரு வரி

சனிக்கிழமை மூன்று மணிக்கு நானும் மனைவியும் அந்த ஜப்பானியத் தொடரின் ஆறாவது பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் வரும் பிரபு தகுதியில்லாத ஒருவனைத் தன் வாரிசாக அறிவிக்கிறார். அது தவறென்று தெரிந்த அவருடைய காரியஸ்தன் நெற்றி பாயில் படும்படி குனிகிறான். நிமிரும்போது முகத்தில் ஒன்றுமில்லை. முழங்காலில் இருந்த விரல்கள் மட்டும் துணியைக் கசக்குகின்றன.

"அண்ணைக்கு முன்னாலை நீங்களும் இப்பிடித்தான்," என்றாள் மனைவி. "வாள் ஒண்டுதான் குறை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் அண்ணை தொலைபேசியில் கதைத்திருந்தார். நான் டென்மார்க்கின் ஹோர்சன்ஸுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் அவர் வீட்டில்தான் இருந்தேன். இப்போது அவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், நான் செயலாளர். போன கூட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பொறுப்பைத் தன் மருமகளுக்குக் கொடுப்பதாக அவர் சொன்னபோது, அங்கே படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுந்து வாக்கெடுப்புக் கேட்டார். அண்ணை உடனே அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

"அந்தப் பிள்ளை கேட்டதை அறிக்கையிலை போடாதை தம்பி. வீண் கரைச்சல்," என்றார் காலையில் தொலைபேசியில்.

"ஓம் அண்ணை."

எங்கள் கூட்டங்களில் சென்ற கூட்டத்தின் அறிக்கையை உரக்க வாசிக்க வேண்டும். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்துவிட்டால், அதில் இல்லாத விடயத்தைப் பிறகு எவரும் கிளப்ப முடியாது. ஆசிரியை வாக்கெடுப்புக் கேட்ட வரி உள்ள பிரதி ஒன்றும் அது இல்லாத பிரதி ஒன்றுமாக இரண்டு எடுத்துக் கோப்பில் வைத்தேன். ஞாயிறு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஆசிரியை மூன்றாவது வரிசையில் பேனாவும் தாளுமாக இருந்து என்னையே பார்த்தார். வரி உள்ள பிரதியை எடுத்தேன். அந்த இடம் வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது.

"பின்னாலை இருக்கிறவைக்குக் கேக்கேல்லை தம்பி," என்றார் பக்கத்தில் இருந்த அண்ணை. "அந்த இடத்தைத் திரும்ப வாசி."

திரும்ப வாசித்தேன். ஒருவர் முன்மொழிந்தார்.

"ஆர் வழிமொழியிறது?" என்று அண்ணை கேட்டார். ஆசிரியை கையை உயர்த்தினார்.

வாக்கெடுப்பு அடுத்த மாதம் நடக்கும். திரும்ப வாசிக்கும்படி அண்ணை அன்று கோபத்தில் சொன்னாரா, என்னைத் தாங்கிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாளாக அவர் அழைக்கவில்லை. நான் இரண்டு தடவை அவருடைய இலக்கத்தை எடுத்தேன், அழுத்தவில்லை.