ஒரு நெருப்புக்கு இரண்டு தலைவர்கள்

திங்கள், புதன், வெள்ளி எனக்கு மெஷின் நாள்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து ரொசாரியோ நகர ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ரயிலில் போகிறேன், ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டே. இந்தத் தூக்கத்துக்கு நான் நன்றி சொல்வது கடவுளுக்கு அல்ல, எங்கள் இராலா ஊரில் முடி வெட்டுகிற ஒஃபேலியா கஸ்தால்டிக்கு. கடவுள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மழை பெய்தால் சோப்புக்கட்டியாகிவிடும் எங்கள் மண்சாலைக்கு அவரும் ஒரு வகையில் பொறுப்புதான்.

அந்தச் சாலையில்தான் ஒருமுறை ஒஃபேலியா தன் பழைய காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, கார் வாய்க்காலில் இறங்கியது. ட்ராக்டர் வந்து எங்களை இழுத்துப் போடுவதற்குள் என் மெஷின் நேரம் போய்விட்டது. மறுநாள் மூச்சு முட்டி, முகம் வீங்கிச் சாகக் கிடந்தேன்.

பிழைத்து வந்ததும் என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்.

"எல்வியோ, உன்னப் புதைக்கிற அன்னைக்கும் மழை பேஞ்சா பெட்டியயும் ட்ராக்டர்லதான் கட்டி இழுக்கணும். அந்த அசிங்கத்த என்னால பாக்க முடியாது. நமக்கு ரயில் வேணும்."

தண்டவாளம் இருந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு சோயா மூட்டை ரயில் போகும். ஆளேற்றும் ரயிலை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. மாகாண அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். வழியிலுள்ள எல்லா ஊர்களும் ஒரே குரலில் கேட்டு, அவரவர் ஸ்டேஷனை அவரவரே பார்த்துக்கொள்வதாக இருந்தால் யோசிக்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஒழிந்தது பீடை என்றுதான் நினைத்திருப்பார்.

ஒஃபேலியாவின் நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரியாது. சுற்றுவட்டாரப் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள். பாதி வெட்டியதும் கத்தரியை நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுக்காரரு ரயிலப் பத்தி என்ன சொல்றாரு?" என்று கேட்பாள். பாதித் தலையோடு யார் எழுந்து போவார்கள்? இப்படியே வழியிலிருந்த ஊர்களை ஒவ்வொன்றாக வளைத்துப்போட்டாள்.

மிஞ்சியது எங்கள் இராலாவும் அடுத்த ஊரான சான் ரோமானும். ஏதோ ஒரு கால்பந்து மேட்ச்சில் கொடுக்காமல் விட்ட பெனால்டிக்காக இந்த இரண்டு ஊரும் பேசிக்கொள்வதில்லை. இப்போது சண்டைக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. ரயில் ராத்திரி எங்கே தங்குவது? எங்கள் ஊர்த்தலைவர் ருஃபினோ பவுதாசோ இராலாவோடு ரயில் திரும்பிவிட வேண்டும் என்றார். அவர்கள் தலைவர் செவெரோ கிவர்தா சான் ரோமான் வரை வந்து அங்கேயே தங்க வேண்டும் என்றார். வராத ரயிலுக்குப் படுக்கை விரிக்கிற இந்தச் சண்டையில் நான்தான் சாகப்போகிறேன் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு ஊருக்கும் நடுவே ஓம்பு என்ற பழைய நிறுத்தம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே விருந்து வைத்துச் சமாதானம் பேசலாம் என்று ஒஃபேலியா முடிவு செய்தாள். யார் மனமும் கோணக்கூடாது என்று, இறைச்சி சுட ருஃபினோ, செவெரோ இருவரையுமே அழைத்தாள்.

அவ்வளவு புத்திசாலிப் பெண் எப்படி இந்தத் தப்பைச் செய்தாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. எங்கள் பக்கம் இறைச்சி சுடுகிறவனின் நெருப்பில் இன்னொருவன் ஒரு கரித்துண்டைக்கூட நகர்த்தக்கூடாது. ஒருவனுடைய மனைவியைப் பற்றிக்கூட யோசனை சொல்லலாம், கரியைப் பற்றிச் சொல்லக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் 'சுட்டவருக்கு ஒரு கைதட்டு' என்று குரல் கொடுப்பார், எல்லோரும் தட்டுவார்கள். அந்தக் கைதட்டைப் பங்கு போட்டுக்கொள்கிற ஆண் எங்கள் சமவெளியில் இன்னும் பிறக்கவில்லை.

"என்ன செவெரோ, சுடுறியா, இல்ல குளிப்பாட்டுறியா? அனலையே காணோம்" என்று ஆரம்பித்தார் ருஃபினோ.

"பந்த எங்க போடணும்னே தெரியாத ஊர்க்காரன் கரிய எங்க போடணும்னு எனக்குச் சொல்றியாக்கும்."

ருஃபினோ கரியைத் தன் பக்கம் இழுத்தார். செவெரோ திரும்ப இழுத்தார். ஒரு பக்க இறைச்சி கருகியது, மறுபக்கம் பச்சையாகவே கிடந்தது. அந்த நேரத்தில் மழையும் வந்தது. விவரமானவர்கள் மேகத்தைப் பார்த்ததுமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தலைவர்கள் இருவர் மட்டும் நெருப்பை விட்டு நகரவில்லை. முதலில் போகிறவன் தோற்றவன் அல்லவா. ஒஃபேலியாவின் காரை நம்பி வந்தவன் என்பதால் நானும் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் மழை விட்டபோது சாலை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

மழை என்றால் எங்கள் ஊரில் மாவு பிசைந்து கொழுப்பில் பொரிப்பார்கள். நிறுத்தத்துக் கொட்டகைக்குள் சின்ன அடுப்பைப் பற்றவைத்து ஒஃபேலியாவும் பொரித்தாள். மாவு கையோடு கொண்டுவந்திருக்கிறாளே என்று பார்த்தேன்.

"மழை வரும்னு தெரிஞ்சிருந்தா விருந்த தள்ளி வச்சிருக்கலாமே" என்றேன்.

"இவங்க ரெண்டு பேரயும் இன்னொரு தடவ கூட்ட எனக்கு ஆயுசு பத்தாது."

நான் ஷூவைக் கழற்றினேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில்தான் எனக்கு இடைவெளி அதிகம், ஞாயிறு மாலை உடம்பு தண்ணீரை வைத்துக்கொண்டு திணறும். செவெரோ என் காலைப் பார்த்தார். வாயிலிருந்த பலகாரத்தை மெல்லாமல் நிறுத்தினார்.

"நாளைக்கா மெஷினு?" என்றார்.

"காலைல" என்றாள் ஒஃபேலியா. "போகலன்னா என்ன ஆகும்னு போன தடவ பாத்தாச்சு."

கொட்டகை மூலையில் தண்டவாளத்தைப் பார்வையிடுகிற பழைய கை டிராலி ஒன்று இருந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று மாற்றி மாற்றிக் கைப்பிடியை அழுத்தினால்தான் ஓடும். அதன்மேல் மூடியிருந்த சாக்கை ருஃபினோ இழுத்துப் போட்டார்.

"ஞாயித்துக்கிழம சரக்கு ரயிலும் கிடையாது. இராலா தாண்டி தார்ச்சாலை வரைக்கும் இதுலயே போயிடலாம்" என்றார், செவெரோவைப் பார்க்காமல்.

ரொசாரியோவிலிருந்து தார்ச்சாலைக்குக் கார் கொண்டுவரும்படி ஒஃபேலியா தங்கை மகளுக்குப் போன் செய்தாள். என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். இருவரும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் கைப்பிடியை அழுத்தினார்கள். வண்டி அசையவில்லை. மறுபடியும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள்.

"ஒருத்தர் அழுத்தும்போது இன்னொருத்தர் விடணும்" என்றாள் ஒஃபேலியா. "இதுகூடத் தெரியாமத்தான் ரெண்டு பேரும் ஊர ஆளுறீங்களா?"

வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கமும் வயலெல்லாம் தண்ணீர். தண்டவாளம் மட்டும் மேட்டில் காய்ந்து கிடந்தது. இராலா ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள், சான் ரோமான் தலைவரோடு மல்லுக்கட்டாமல் வேர்த்து வழிகிற தங்கள் தலைவரைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்கள். ருஃபினோ தலையைக் குனிந்துகொண்டு அழுத்தினார்.

ஊரைத் தாண்டியதும் மூச்சிரைக்கச் சொன்னார். "ரயிலு உங்க ஊர்லயே தூங்கிட்டுப் போவட்டும்."

"பிச்சையா போடுற?"

"இல்லப்பா. கை வலிக்குது, சண்ட போட முடியல."

செவெரோ இன்னும் நாலு தடவை கைப்பிடியை அழுத்தினார். பிறகு, "கழுவறது, பழுது பாக்கறது உங்க ஊர்ல வச்சுக்க. ஆளுங்களுக்கு வேலை கிடைக்கும்" என்றார். ஒஃபேலியா வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை மெஷினில் படுத்திருந்தேன். அதன்பின் இரண்டு தலைவர்களும் ஒன்றாகப் போய் அதிகாரியின் முன் உட்கார்ந்தார்கள். ரயில் வர மேலும் சில வருஷங்கள் ஆயின. அதற்குள் நான் செத்துவிடாதபடி, மழை நாள்களில் அந்த டிராலியை ஓட்ட இரண்டு ஊர் ஆட்களும் முறைவைத்து வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டவன்.

முதல் ரயில் சான் ரோமானிலிருந்து வந்து இராலாவில் நின்றது. அதிகாரி நீளமாகப் பேசினார். அந்த ரயிலைத் தானே பெற்றெடுத்த மாதிரி இருந்தது பேச்சு. ஒஃபேலியா கூட்டத்துக்குப் பின்னால், எனக்கு வழியில் தின்னப் பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். ரயிலிலிருந்து இறங்கிய செவெரோ அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். ருஃபினோவுக்கு ஜாடை காட்டினார். தன் வாழ்நாளில் இன்னொருவருக்காகக் குரல் கொடுத்தறியாத ருஃபினோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுட்டவங்களுக்கு ஒரு கைதட்டு" என்றார்.

பிளாட்பாரமே தட்டியது. ஒஃபேலியா கொழுப்பு ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு துண்டு இறைச்சிகூடத் தேறல, எனக்கெதுக்கு இது? எல்வியோ, ஏறு. மெஷின் காத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன என் இடது கையை எதிலும் மோதக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். அன்று ரயில் படியில் நின்று, வலிக்க வலிக்கத் தட்டினேன்.