தாமோதரன் புதைத்த விரால்

சித்தூர்ப் பூங்காவின் மூலையில் ஓடு போட்ட ஒரு கட்டடம் இருந்தது. உள்ளே ஆறு கண்ணாடித் தொட்டிகள். ஆந்திரா தனி மாநிலமான மறு வருஷம் ஊர்க்காரர்கள் ஒன்று சேர்ந்து கட்டியது. பலகையில் பெயர் நீளமாக இருந்தாலும் ஊருக்கு அது மீன் பங்களாதான். அங்கே தொட்டி கழுவும் வேலை சந்திரம்மாவுக்கு. விஜயபுரத்துப் பக்கம் கூலிக்குப் போன தமிழ்க் குடும்பம். புருஷன் செத்த பிறகு தம்பி கன்னையாவோடு சித்தூருக்கு வந்தவள். கன்னையா அங்கேயே காவல்காரனாக இருந்தான்.

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்தது. எந்த ஊர் மெட்ராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று டீக்கடையில்கூடச் சண்டை. ஒருநாள் காலை மீன் பங்களாவின் தெலுங்குப் பலகை மேல் தார் பூசியிருந்தது. பூசியது யாரென்று இன்றுவரை தெரியாது. கூடிய கூட்டத்திடம் மேனேஜர் தாமோதரன் கன்னையாவைக் கைகாட்டினான். தாமோதரன் வீட்டில் பேசுவதும் தமிழ்தான். ஆனால் அன்று அவன் தெலுங்கில் கத்தினான். கூட்டம் அடித்த அடியில் கன்னையாவுக்கு இடது காது போயிற்று. மூன்றாம் நாள் காவல்காரன் நாற்காலியில் தாமோதரனின் மைத்துனன் உட்கார்ந்திருந்தான்.

சந்திரம்மா வேலையை விடவில்லை. பாசி வழுக்கும் தொட்டிக்குள் கைவிட வேறு ஆள் கிடைக்காததால் தாமோதரனும் அவளை நிறுத்தவில்லை. அவள் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே அவன் செருப்புச் சத்தத்தைக் கேட்பாள். ஒருநாள் இவன் வழுக்குவான், அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் நினைப்பு.

மறு வருஷம் அந்த நாள் வந்தது.

நடுத்தொட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் இருந்தது. கமிட்டித் தலைவர் நாகபூஷணம் தன் கிணற்றில் வளர்த்துக் கொடுத்தது. ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் அவர். ஞாயிறு தவறாமல் வந்து அதன் முன்னால் நிற்பார். அந்தச் சமயம் கண் ஆபரேஷனுக்காகத் திருப்பதியில் மகள் வீட்டில் இருந்தார். கங்காதர நெல்லூரிலிருந்து தன் மகளைப் பெண் பார்க்க வந்த வருங்காலச் சம்பந்தி வீட்டாருக்குத் தாமோதரன் மீன்களைக் காட்டினான். விரால் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அவன் குடையை மடக்கி, அதன் இரும்பு முனையைத் தண்ணீருக்குள் விட்டு ஓங்கிக் குத்தினான். தண்ணீர் சிவந்தது.

விருந்தாளிகள் போனதும் சந்திரம்மாவைக் கூப்பிட்டான்.

"அதைத் தூக்கிக் குப்பையில போடு. பெரியவர் கேட்டா, தொட்டி கழுவறப்போ கல்லைத் தவற விட்டுட்டேன்னு சொல்லு."

"நான் உடலியே சார்."

"உட்டேன்னு நான் எழுதிட்டா உட்டதுதான். உன் தம்பி கதை மறந்துபோச்சா?"

அவள் மீனை ஒரு குடத்தில் போட்டு ஈரத்துணியால் மூடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். குழம்பு வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் செவுள் மெல்ல அசைந்தது. உயிரோடு அறுக்க மனம் வராமல் கல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டுவைத்தாள். அப்போது அதற்கு மேல் அவளிடம் ஒரு யோசனையும் இல்லை.

மறுநாள் காலை மீன் பங்களா வேப்பமரத்தடியில் புதிதாக ஒரு மண்மேடு. மேலே நான்கு அரளிப்பூ. அதைப் பார்த்து நின்றவளிடம் தாமோதரன் சிரித்தான்.

"பெரியவருக்கு எழுதிட்டேன். உன் கவனக்குறைவால செத்துடுச்சு, நானே என் கையால பொதைச்சேன்னு. அவர் வந்ததும் கமிட்டி கூடும். வேற வேலை தேடிக்கோ."

சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் வந்த சந்தோஷத்தை அவன் பார்த்துவிடக் கூடாதே.

அன்றிலிருந்து அந்த மீனுக்கு அவள் செய்த பணிவிடை கொஞ்சமல்ல. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய், கிணற்றில் போடும் ஊதா மருந்து ஒரு சிட்டிகை வாங்கி வந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும் அளவுக்குக் கலந்தாள். காயத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்தாள். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள். துள்ளிக் குதித்துவிடாமல் கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக் குழவியை வைத்தாள். கன்னையா வாய்க்கால் ஓரம் மண்புழு தோண்டி வந்தான்.

"இன்னாக்கா, பெத்த புள்ளை மாதிரி பாத்துக்கினு கீற?" என்றான்.

அவள் அவனுடைய வலது காதுப் பக்கம் போய்ச் சொன்னாள்: "புள்ளையா? சாட்சிடா இது. சாட்சி சாவக் கூடாது."

ஒன்பதாம் நாள் காயத்தின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்தது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சந்திரம்மா வேலைக்குப் போகவில்லை. உப்புத் தண்ணீரில் அதை இறக்கி, வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கை விறைத்தது.

"செத்துப் பாரு," என்று அதைத் திட்டினாள். "அவன் பொய்யை நெசமாக்கிட்டுப் போனேன்னு வெச்சிக்க, உன்னைக் கொழம்பு வெச்சித் துன்னுடுவேன்."

பன்னிரண்டாம் நாள் கன்னையா பிடித்து வந்த சின்னத் தவளையை அது ஒரே வாயில் விழுங்கியது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னையா வேலை போனபின் சிரித்தது அன்றுதான்.

ஒரு மாதம் கழித்துக் கமிட்டி கூடியது. நாகபூஷணம் கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தார். தாமோதரன் எழுதி வைத்திருந்ததைக் குரல் தழுதழுக்க வாசித்தான். கல் விழுந்தது, மீன் துடித்தது, தானே குழி வெட்டியது. முடிவில், இவளை நீக்க வேண்டும் என்றான்.

"ஏம்மா, நீ என்ன சொல்றே?" என்று பெரியவர் கேட்டார்.

"பெத்தையா, அந்தக் குழியைத் தோண்டச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

தோண்டினார்கள். அரைச் செங்கல் ஒன்று கிடைத்தது. நாய் கிளறி இழுத்துப் போயிருக்கும் என்றான் தாமோதரன். அவன் சொல்லி முடிப்பதற்குள் கன்னையா தலையில் அண்டாவோடு உள்ளே வந்தான். இறக்கி வைத்ததும் மீன் வாலால் அடித்த தண்ணீர் மேசைக் காகிதத்தின் மேல் தெறித்தது. பெரியவர் கையை உள்ளே விட்டுத் தடவினார். அந்த நீளத்துக்கு ஊரில் வேறு விரால் இல்லை.

"மன சேப்பே இது," என்றார் தெலுங்கில், நம்ம மீன்தான் என்று. தழும்பில் விரல் நின்றது. "கல்லு விழுந்தா நசுங்கும். இது குத்தின காயம். நான் எத்தனை மாட்டுக்குப் பாத்திருக்கேன்."

சந்திரம்மா நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது தாமோதரனின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த முகம் எப்படியெல்லாம் மாறியது என்பதைப் பின்னாளில் கேட்டவர்களுக்கெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள்.

பெரியவர் தார் விவகாரத்தையும் திரும்பக் கிளறினார். மேனேஜருக்கும் மைத்துனனுக்கும் வேலை போயிற்று. கன்னையாவை மறுபடி வரச் சொன்னார்கள். அந்த வாசலில் இனி உட்கார மாட்டேன் என்று அவன் திருத்தணிக்குப் போய்விட்டான். இரண்டு வருஷத்தில் அந்த ஊரும் மெட்ராசோடு சேர்ந்தது.

கன்னையா ஊரை விட்டுப் போவதற்கு முன் ஒரு மாலை தாமோதரன் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"சந்திரம்மா, சம்பந்தி வீட்ல என்னைப் பொய்க்காரன்னு பேசறாங்க. பொண்ணு கல்யாணம் நின்னுடும் போலக்கீது. ஏதோ தப்பாப் புரிஞ்சிக்கினேன்னு பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் உள்ளே பார்த்துத் தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இவன் எடது காதுல சொல்லு. இவன் கேட்டுக்கினா நானும் கேட்டுக்கறேன்."

கல்யாணம் நின்றது. அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சந்திரம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

விரால் பழைய தொட்டிக்கே போனது. அதன் முன்னால் அவள் நின்று பார்த்ததே இல்லை. பாசியைத் தேய்ப்பாள், அடுத்த தொட்டிக்குப் போவாள்.

தாமோதரன் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய், ஒரு சத்திரத்தில் யாத்திரிகர்களுக்கு அறைச்சாவி கொடுக்கும் வேலையில் அமர்ந்தான். அது தெரிந்த வருஷத்திலிருந்து சந்திரம்மா மலைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சத்திரத்துக்கே போனாள். முதல் தடவை அவன் நிமிராமல் "பேரு?" என்றான்.

"உனக்குத் தெரியுமே. சொல்லு."

அவன் நிமிர்ந்தான். வரிசையில் பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். கடைசியில் அவன் அவள் பெயரைச் சொன்னான். மூன்றாம் வருஷம், அவள் படியேறுவதைப் பார்த்ததுமே சாவியை எடுத்து நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"பேரைச் சொல்லிக் கொடு," என்றாள்.