மூன்றாவது பந்து

என் அம்மா மூக்கம்மாளை ஏமாற்றுவது லேசில்லை. கீரைக்கட்டைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவாள். அவளை நாற்பத்தொரு நாள் ஏமாற்றியவள் நான்தான்.

ஓடைப்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சை. கொரோனா இரண்டாவது அலையில் அம்மாவும் அப்பா அம்மாவாசியும் ஒரே நாளில் தேனி ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அம்மாவுக்குப் பதினாறு நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. அதில் ஒன்பதாம் நாள், வேறு வார்டில் இருந்த அப்பா போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை.

வீட்டுக்கு வந்த அம்மாவால் ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்க முடியவில்லை. மெஷினிலேயே கிடந்ததில் மூச்சிழுக்கும் தசையெல்லாம் சோர்ந்துவிட்டது, பயிற்சி செய்தால்தான் தேறும் என்று சொல்லி, குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். உள்ளே மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து இழுத்தால் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும்.

அண்ணன் விஜய்பாண்டி கறாராகச் சொல்லிவிட்டான். "மூணாவது பந்து ஏறட்டும். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இப்பச் சொன்னா அம்மாவையும் பறிகொடுக்க வேண்டியதுதான்."

அதனால் அப்பா தேவாரம் ஊரில் அத்தை வீட்டில் இருக்கிறார் என்றேன். அவருக்கும் மூச்சு வாங்குகிறது, இதே டப்பாதான் கொடுத்திருக்கிறார்கள், போனில் பேசக் கூடாதாம் என்றேன். தினமும் அம்மாவுக்குத் தலை சீவிப் பொட்டும் நானே வைத்துவிட்டேன்.

"உங்கப்பா எத்தன ஏத்திட்டாக?"

"ஒண்ணுதாம்மா."

"சோம்பேறி மனுசன்" என்று சிரித்துவிட்டுக் குழாயை எடுப்பாள்.

அவளுக்கு ஒன்று ஏறியதும், அப்பாவுக்கு இரண்டு என்றேன். விடுவாளா? கழுத்து நரம்பு புடைக்க, வேர்த்து விறுவிறுத்து இழுத்தாள். இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது ஏறவே கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். பெற்ற மகள் வேண்டுகிற வேண்டுதலா அது?

நாற்பத்தொன்றாம் நாள் மூன்றும் ஏறி நின்றன.

"முந்திட்டேன்ல? போனப் போடு ஜோதி, உங்கப்பாட்ட நானே சொல்றேன்."

நான் போனை எடுக்கவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அழுதாள். அழக்கூட மூச்சு போதவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் விட்டு விட்டுப் பேசினாள்.

"மூணாவத... ஏத்தாமயே இருந்திருக்கலாம்த்தா. உங்கப்பா... இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பாக."