நான் அழிக்கச் சொன்ன மஞ்சள் குவிமாடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, விருத்தாசலத்தில் நண்பர் நடத்தும் சிறிய செராமிக் கூடத்தில் நடந்தது இது. நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் பிழை பார்த்தவன் நான். கம்மாபுரம் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் வெளிச்சுவருக்காக, ஜெருசலேம் நகரத்தின் படம் டைல்ஸில் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எழுதிய பைபிள் வசனத்தைச் சரிபார்க்க நண்பர் கூப்பிட்டார்.

நீண்ட மேசையில் நாற்பத்தெட்டு டைல்ஸ் அடுக்கப்பட்டிருந்தன. வரைந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் பெண். மலைச்சரிவு, ஒலிவ மரங்கள், ஊரைச் சுற்றிக் கோட்டை மதில், உள்ளே நெருக்கமாக வீடுகள், நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் குவிமாடம்.

"சார் கண்ணுல படாம எறும்புகூட தாண்டாது, பாத்துக்குங்கக்கா" என்று நண்பர் அவரைச் சீண்டினார்.

வசனத்தில் பிழையே இல்லை. வந்ததற்கு ஒன்றாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ, குவிமாடத்தைக் காட்டினேன். "இது தப்பாச்சே. ஏசு காலத்துல இது கிடையாது. அறுநூறு வருஷத்துக்கு மேல கழிச்சுக் கட்டினது."

"இருக்கட்டுமே சார். அழகாத்தான இருக்குது?" என்றார் அந்தப் பெண்.

"அழகு வேற, சரி வேறம்மா."

சூளைக்குப் போகும்வரை வண்ணத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். போய் வந்துவிட்டால் அழியாது. அவர் துணியைக் கையில் எடுத்து, "அழிச்சிடட்டுமா சார்?" என்று கேட்டார். சற்று நின்று, மறுபடியும் அதையே கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். நான்கு டைல்ஸ் வெள்ளையாயின. அங்கே சின்னச் சின்ன வீடுகளை வரைந்தார்.

படத்தைத் திறந்துவைத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அந்தப் பெண் தன் தந்தையை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். நடக்க முடியாதவர். ஃபாதரே நாற்காலி போட்டு அவரைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலால் காற்றில் மேலும் கீழும் தேடினார்.

"பைத்துல் முகத்தஸ்னு சொன்னியேம்மா, அந்தத் தங்கக் கலர் டூம் எங்க?" ஜெருசலேமை முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. "இது ஈசா நபி காலத்து ஊரு அத்தா. அப்ப அத கட்டலயாம்."

"அப்படியா? அப்ப சரி" என்றார் பெரியவர். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

பிறகு ஃபாதர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாங்க கேட்டது இப்ப இருக்கற ஊரைத்தான் சார். அவங்க அத்தாவுக்கு ஒரு தடவை அங்க போவணும்னு ரொம்ப நாள் ஆசை. இனிமே எங்க போறது? அதான், அதையும் போடுங்கம்மா, வந்து பாக்கட்டும்னு சொல்லியிருந்தேன்."

அன்று வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அந்தக் கோட்டை மதிலும் ஏசு காலத்தது அல்ல. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்துக் கட்டியது. அது என் கண்ணில் படவில்லை. முஸ்லிம்களின் குவிமாடம் மட்டும் பட்டிருக்கிறது. ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாளே கூடத்துக்குப் போய், நான்கு டைல்ஸை மட்டும் மாற்றிவிடலாம் என்றேன். நண்பரும் சரி என்றார். அந்தப் பெண்தான் மறுத்தார். "வேணாம் சார். அத்தாகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். இப்ப வரைஞ்சா, அப்ப ஏன் வரையலன்னு கேப்பாரு. நான் யாரச் சொல்றது?"

என்னைச் சொல்லுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம், நேரே அவர்கள் வீட்டுக்குப் போய் நானே சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் பஸ் ஏறி வந்ததுதான், மற்றவர் பிழைகளைத் திருத்தியே காலம் கழித்த நான் இன்றுவரை திருத்தாமல் வைத்திருக்கும் பிழை.