ராணி எங்களுக்கும் திறந்துவிட்ட கோட்

ராணி இறந்துவிட்டார்.

காலையில் அவருடைய தம்பி கோல் எடுத்துச் சொன்னபோது கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். வந்த பஸ்ஸில் ஏறவில்லை... அப்படியே அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. கிளிநொச்சியில் ஒரு சின்ன சொஃப்ட்வெயார் ஒஃபிஸில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. வீடு ஓமந்தைப் பக்கம். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்திய குடும்பம்.

பகலில் கம்பனி வேலை. மிச்ச நேரத்தில், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஓபன் சோர்ஸ் சிஸ்டமான லினக்ஸுக்கு வீடியோ டிரைவர் எழுதுவார், சம்பளமில்லாமல். கம்ப்யூட்டரில் படம் திரைக்கு வரவேண்டும் என்றால் அந்தக் கோட் வேண்டும்.

நானும் அந்த மாதிரி ஆள்தான். ஆனால் என்னுடையது கொஞ்சப் பேர் சேர்ந்து செய்கிற வேறொரு ஓபன் சோர்ஸ் சிஸ்டம். பழைய மெஷினில் இலகுவாக ஓடும். நல்ல வீடியோ டிரைவர் மட்டும் இல்லை.

விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யாரோ கொடுத்த பழைய லாப்டொப்கள்... எங்கள் சிஸ்டத்தைப் போட்டுத் தருகிறேன் என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். போட்டால் திரை கறுப்பு.

அப்போது ஒரு வேலை செய்தேன். ராணியின் டிரைவரில், சிஸ்டத்தோடு பேசுகிற இன்டர்ஃபேஸ் பகுதியை அப்படியே கொப்பி பண்ணினேன். கோட்டை யார் எப்படி எடுக்கலாம் என்று சொல்கிற லைசென்ஸ், அவருடையதும் எங்களுடையதும் ஒத்துப்போகாது. அதனால் மேலே இருந்த லைசென்ஸையும் அவர் பெயரையும் அழித்துவிட்டேன்.

தெரிந்துதான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து ராணி கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"சுதன், உம்மட டிரைவரில ஒரு கொமென்ட்டில எழுத்துப்பிழை கிடக்கு. அது நான் விட்ட பிழை."

அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதே பிழை.

"தேவையெண்டா கேட்டிருக்கலாம்தானே? பேரை ஏன் அழிச்சனீர்?"

"பிழைதான் ராணி. இண்டைக்கே எடுத்துப்போடுறன்."

"எடும். ஆனா பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லப்போறீர்?"

கோட்டை நீக்கி, எங்கள் குழுவுக்கு உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ராணி அந்த இன்டர்ஃபேஸ் பகுதியை லினக்ஸுக்கு மட்டும் உரிய கோட்டிலிருந்து பிரித்துத் தனி ஃபைல்களாக்கினார். எந்த சிஸ்டமும் எடுக்கக்கூடிய லைசென்ஸில் அதைப் போட, அதில் கை வைத்த மற்ற ஆறு பேருக்கும் சம்மதம் கேட்டு ஈமெயில் போட்டார். ஐந்து பேர் ஓம் என்றார்கள். ஒருவர் மறுத்தார்... அவர் எழுதியதை எடுத்துவிட்டு, ராணியே புதிதாக எழுதினார்.

அந்த ஃபைல்களை வைத்து எங்கள் டிரைவரை நான் திரும்ப எழுதத் தொடங்கினேன். அப்போது அவருக்குக் கிட்னி வருத்தம். கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவில் டயலிசிஸ். ஒரு கையில் ஊசி, மற்றக் கையில் ஃபோன். அங்கிருந்தே என் கோட்டைப் பார்த்து மெசேஜ் வரும்.

"இதில லொக்கைத் திறக்க மறந்திட்டீர். திரை உறையப்போகுது."

உறைந்தது.

பிறகு எங்கள் சிஸ்டத்தில் ஓட்டிப் பார்த்தபோது நான் அவருடைய ஃபைலில் ஒரு பிழையைக் கண்டு, திருத்தி அவருக்கு அனுப்பினேன். சின்னத் திருத்தம், மூன்று வரி. லினக்ஸில் இருக்கிற அந்த ஃபைலில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டிருந்தார்... நான் கேட்கவேயில்லை.

விசுவமடுவில் முதல் லாப்டொப்பில் திரை வந்த அன்று வீடியோ கோலில் காட்டினேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"எழுத்து வடிவாத் தெரியுதோ?"

"ஓம் ராணி, நல்லாத் தெரியுது."

"அதென்ன, திரையில ரோசாப்பூ நீலமாக் கிடக்கு?"

எங்கள் யாருடைய கண்ணிலும் அது படவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

நாளை பத்து மணிக்கு ஓமந்தையில் வீட்டில் கிரியைகள். கிளிநொச்சியிலிருந்து வருபவர்கள் சொல்லுங்கள், நாங்கள் பிடித்த வான் வண்டியில் இடம் இருக்கிறது.

ராணி... நன்றி சொல்ல வெளிக்கிட்ட ஒவ்வொரு தரமும் கதையை மாற்றிவிட்டீர்கள். இன்றைக்கு மாற்ற முடியாது.

பெரிய நன்றி.