கம்ப்யூட்டர் அறைக்கு ரெண்டு பூட்டு

எங்க ராஜபாளையம் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு மில்லுக்காரவுக கம்ப்யூட்டர் தந்தாக. அறை சர்க்காரோடது. அதனால கதவுல மில்லுப் பூட்டு ஒண்ணு, பள்ளிக்கூடத்துப் பூட்டு ஒண்ணு. ரெண்டு சாவியும் ஒருநாளும் சேர்ந்து வந்ததில்ல. என் பேத்தி செல்வி கம்ப்யூட்டரைக் கரும்பலகையில படமாத்தான் பார்த்திருக்கா.

இன்னைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து நான் வந்த பஸ்ல முன்னால ஹெட்மாஸ்டர், பின்னால மில் மேனேஜர்!

"ரெண்டு சாவியும் இங்கனதான இருக்கு. இப்பமே போய்த் தொறங்களேன்"ன்னேன்.

"ஏதாச்சும் உடைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க ஆச்சி"ன்னார் ஹெட்மாஸ்டர்.

"எனக்கு வேலையே போயிரும்"ன்னார் மேனேஜர்.

பாவந்தான் ரெண்டு பேரும்.

"பிள்ளைக உடைக்காதுக. வாங்க"ன்னு கையோட கூட்டிட்டுப் போனேன்.

சாயங்காலம் செல்வி சிரிச்சிக்கிட்டே வந்தா. தன் பேரை அடிச்சாளாம். பொறவு என் பேரையும்!

அஞ்சாப்போட படிப்பு நின்ன என் பேரு கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு.

நாளைக்கும் கதவு தொறக்கணுமே, அவுக ரெண்டு பேரையும் எந்த பஸ்ல ஏத்தட்டும்? சொல்லுங்க.