எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரம்

எங்கள் வீட்டில் ஸ்பானிய மொழி ஒரு தண்ணீர்த் தொட்டியை நம்பி வளர்ந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் பிள்ளைகளே நம்பவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது லாயாங் லாயாங் என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு அவர்தான் மாஸ்டர். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் காலை வண்டி பத்து மணிக்கு வந்து நிற்கும். ஏறுகிறவர்கள் இரண்டு பேர், இறங்குகிறவர் ஒருவர் என்றாலும், எஞ்சின் எங்களிடம்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அட்டவணையில் அதற்குப் பத்து நிமிடம் போட்டிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்து வண்டி புறப்பட்டதை நான் பார்த்ததில்லை. தண்ணிக்காரரும் அவருடைய ஆட்கள் இருவரும் நிதானமாகப் பசியாறிவிட்டு வந்து கைப்பம்பு அடிப்பார்கள். வண்டி வரும்போது தொட்டி பாதிகூட நிறைந்திருக்காது. குழாயில் தண்ணீர் நூல்போல் மெலிந்து வரும். அப்பா கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நடைபோடுவார்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் அக்கா பாடம் படித்தாள்.

மாதம் ஒருமுறை அந்த வண்டியில் ஸ்பானிய தேசத்துப் பாதிரியார் ஒருவர் வருவார். சுவாமி என்றுதான் அவரைச் சொல்வோம். வடக்கே தோட்டங்களில் பூசை வைக்கப் போகிறவர். எஞ்சின் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியதும் இறங்கி வந்து, சாமான் ஏற்றும் தள்ளுவண்டியில் அங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார். அக்கா அவர் முன்னால் கைகட்டி நிற்பாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. முன்பு ஒருமுறை அம்மாவைச் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, மணிலாவிலிருந்து வந்திருந்த இரண்டு கன்னியாஸ்திரிகள், யாரும் கிட்டப் போகத் தயங்கிய ஒரு நோயாளியைக் கழுவித் துடைத்து, தலைசீவிவிட்டதை அவள் பார்த்தாளாம். அன்றிலிருந்து அவளுக்கு மணிலாவில் அவர்களுடைய மடத்தில் சேர வேண்டும். மடத்தில் பேச்சும் செபமும் எல்லாம் ஸ்பானிய மொழியில். ஓரளவாவது தெரிந்தால்தான் எடுப்பார்கள். தெரியும் என்று சுவாமி கடிதம் தர வேண்டும்.

சுவாமி நல்லவர், ஆனால் விட்டுக்கொடுக்காதவர். ஒரு செபம், ஒரு பக்க வாசிப்பு, பிறகு ஆறு வினைச்சொற்கள். மடத்தில் ஒரு நாள் எப்படிப் போகுமோ அந்த வரிசையில் அந்த ஆறும் இருந்தன. எழும்புவது, கழுவிக்கொள்வது, உடுத்திக்கொள்வது, உட்காருவது, முழந்தாளிடுவது, படுத்துக்கொள்வது. ஒவ்வொன்றையும் நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு பேருக்கும் சொல்ல வேண்டும். அப்பா கழித்துப்போட்ட சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அக்கா அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மே லெவாந்தோ, தே லெவாந்தாஸ், சே லெவாந்தா.

அப்பாவின் வெள்ளை உடுப்புக்குக் கரிப்பெட்டி தேய்த்துக்கொண்டே அவள் ஒப்புவிப்பாள். நான் எதிரில் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பேன். அந்த மொழியில் மனிதர்கள் சும்மா எழும்புவதில்லை, தங்களைத் தாங்களே எழுப்புகிறார்கள் என்று சுவாமி சொன்னதாக அக்கா சொன்னாள். எனக்கு அது பெரிய வித்தையாகப் பட்டது. என் இரட்டைப் பின்னலை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்து, என்னை நானே தூக்கிப் பார்த்தேன். அக்கா சிரித்துச் சிரித்து அப்பாவின் காற்சட்டையில் ஒரு மஞ்சள் கருகலைப் போட்டுவிட்டாள். அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தான், நான் இல்லை. எப்போதும் அப்படித்தான்.

அம்மா பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். ஆகவே என்னை முழுகவார்த்தவள் அக்கா, சோறு தீத்தியவள் அக்கா, இடி இடித்தால் காதைப் பொத்திவிட்டவள் அக்கா. மணிலா என்பது கப்பலில் போகிற ஊர், போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று எனக்கு மெல்லத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அந்தச் சீட்டுகளைக் கண்டாலே பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் சரிபார்ப்பதை நிறுத்தவில்லை. அவள் ஒன்றைத் தவறவிட்டால் நானே எடுத்துக் கொடுப்பேன். அவளைவிட எனக்குத்தான் பாடம் நன்றாக வந்தது என்பதில் பெருமை வேறு.

ஈஸ்டருக்கான தபசு காலம் தொடங்குவதற்கு முந்தைய மாதம், ஒரு சாப்பாட்டு நேரத்தில், அப்பா முடிவைச் சொன்னார்.

"இந்த முறை சுவாமி கேட்டுட்டு, தகுதி எண்டு கடுதாசி தரட்டும். நான் மறிக்கமாட்டன். தராட்டி, தைப்பிங்காருக்கு ஓம் எண்டு எழுதிப்போடுவன். அவையளும் எவ்வளவு காலம்தான் பாத்துக்கொண்டிருப்பினம்?"

"சரி அப்பா," என்றாள் அக்கா.

தைப்பிங்கார் என்றால் வடக்கே தைப்பிங் ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், அக்காவைப் பெண் கேட்டிருந்தார். அவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிற யாரோ ஒருவர் என்பதற்கு மேல் அன்று எனக்குத் தெரியாது. எனவே அப்பா சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் எனக்குள் இறங்கியது. சுவாமி கடிதம் தந்தால் அக்கா போய்விடுவாள். தராவிட்டால்? தராவிட்டால் வீட்டில் இருப்பாள். எட்டு வயதுக் கணக்கு அவ்வளவுதான்.

அக்கா நிதானமானவள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன் கண்ணை மூடி, உள்ளே தேடி எடுத்து வைப்பாள். ஆறையும் முடிக்க அவளுக்கு அந்த இருபத்தைந்து நிமிடமும் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். சரிபார்த்தவள் நானல்லவா.

சுவாமி வரும் நாள் காலையில், விடிந்த கையோடு, தண்ணிக்காரரின் குடிசைக்குப் போனேன்.

"அப்பா சொன்னவர், இண்டைக்கு வண்டி வரமுன்னம் தொட்டி நிரம்பி வழிய வேணுமாம்."

"முழுத் தொட்டியா? அலமாக்!" என்று அவர் தலையில் கை வைத்தார். "பசியாறக்கூட விடமாட்டாங்களா பாப்பா?"

"பிறகு பசியாறலாமாம்."

"ஐயா சொன்னா சரிதான். டேய், எந்திரிச்சு வாங்கடா, பம்பப் பிடிங்க."

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்பாவின் பெயரில் சொன்னது அன்றுதான். மூன்று பேரும் மூன்று மணி நேரம் அடித்தார்கள். ஒன்பதரைக்குத் தொட்டியின் விளிம்பில் தண்ணீர் வழிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

வண்டி வந்தது. சுவாமி இறங்கித் தள்ளுவண்டியில் உட்கார்ந்தார். அக்கா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். சீட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தாள். செபம் தடங்கலில்லாமல் போனது. வாசிப்பும் போனது. சுவாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தப் பக்கம் அதற்குள் குழாயைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் கொட்டிய இரைச்சலில் எஞ்சின்காரரே ஒரு அடி பின்வாங்கினார்.

வினைச்சொற்கள் தொடங்கின. அக்கா எழும்பினாள், கழுவிக்கொண்டாள், உடுத்திக்கொண்டாள். ஒரு தவறு இல்லை. உட்கார்ந்தாள். "நீங்கள்" வரும் இடத்தில்தான் வழக்கமாகச் சறுக்குவாள். அன்று சறுக்கவில்லை. என் வாயும் அவளோடு சேர்ந்து அசைந்தது. அவள் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். முடிக்கக் கூடாது என்று தொட்டியை நிரப்பியவளும் நான்தான். இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருந்தன.

முழந்தாளிடுவதில் பாதி போனபோது கார்டு விசில் ஊதினார். எஞ்சின் நிறைந்துவிட்டது. சரியாகப் பத்து நிமிடம்.

சுவாமி திகைத்து எழுந்தார். அப்பா பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ஐந்து நிமிடம் அந்த வண்டியை நிறுத்தி வைக்க அவரால் முடியாதா? இத்தனை வருடம் தாமதமாகப் போன வண்டிதானே. ஆனால் உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் அட்டவணைப்படி ஒரு வண்டியை அனுப்பிப் பார்க்க ஏங்கிய மனிதர் அவர். கொடியை உயர்த்தினார்.

"அடுத்த மாதம், மகளே. கொஞ்சம்தான் மிச்சம்," என்று சுவாமி தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு ஏறினார். அப்பா போட்ட கெடு அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கெஞ்சுகிறவள் அக்கா இல்லை.

வண்டி நகர்ந்தது. அப்போது அக்கா ஒன்று செய்தாள். வீட்டுக்குள்ளேகூடச் சத்தம் போட்டுப் பேசாதவள், சுவாமியின் ஜன்னலோடு சேர்ந்து நடந்துகொண்டே விட்ட இடத்திலிருந்து உரக்கச் சொல்லத் தொடங்கினாள். நாங்கள் முழந்தாளிடுகிறோம், நீங்கள் முழந்தாளிடுகிறீர்கள். வண்டி வேகம் பிடிக்க அவளும் ஓடினாள். நான் படுத்துக்கொள்கிறேன், நீ படுத்துக்கொள்கிறாய். சுவாமி காதில் கையை வைத்துச் சாய்ந்தார். கேட்கவில்லை என்று தலையை அசைத்தார். பிளாட்பாரம் முடியும் இடத்தில் அவள் நின்றாள். கடைசிப் பெட்டி போன பிறகும் மிச்சம் இருந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். முப்பத்தாறும் சரி. அதற்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

"பிளாட்பாரத்தில ஓடக் கூடாதெண்டு தெரியாதோ?" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. பிறகு தண்ணிக்காரரிடம் போய், இன்றுபோல் என்றும் தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்று பாராட்டினார். அவர், "நீங்க சொல்லி அனுப்புனீங்களே ஐயா," என்று தொடங்கினார். அப்பா அதைக் காதில் வாங்காமல் அறைக்குள் போய், வண்டி நேரத்துக்குப் புறப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினார். பிற்பகல் தைப்பிங்குக்குக் கடிதம் எழுதினார். சொன்ன சொல் தவறாதவர்.

அடுத்த மாதம் சுவாமி வந்தபோது எஞ்சின் தண்ணீர் பிடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தண்ணிக்காரர் பழையபடி பசியாறப் போய்விட்டார். அக்கா சுவாமிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, ஈஸ்டருக்குப் பிறகு தனக்குக் கல்யாணம் என்று சொல்லி, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள். அந்தக் கிழவர் கோப்பையைத் தொடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

கல்யாணம் என்றதும் நான் துள்ளினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. புதுச் சட்டை, பலகாரம், விளையாட இரண்டு பிள்ளைகள். அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கப் போகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம், அக்கா தன் உடுப்புகளைத் தகரப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. அந்தத் தைப்பிங்கார் நரைத்த மீசையோடு வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் பிற்பகல் வண்டி.

நான் போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தொட்டியை நிரப்பச் சொன்னது அப்பா இல்லை, நான்தான் என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"ஏனடி?"

"நீ போகக் கூடாதெண்டு."

அடிக்கப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் தரையில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இதைச் சொல்லாதை. ஒருநாளும் சொல்லாதை. அவர் தாங்கமாட்டார்."

"உனக்குக் கோபமோ அக்கா?"

"இல்லையடி குஞ்சு. அழாதை. தைப்பிங் கிட்டத்தானே. கப்பலில போற ஊரே?"

அது எனக்குப் போதுமாக இருந்தது. கோபமில்லை என்று சொல்லிவிட்டாளே. அழுகையை நிறுத்தி, அந்தப் பிள்ளைகள் உன்னை அம்மா என்றா கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவள் என் தலைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே இருந்து அப்பா நேரமாகிறது என்று கூப்பிடும் வரை அப்படியே இருந்தாள். எழுந்தபோது என் வகிடு நெடுக ஈரமாக இருந்தது. காலையில் முழுகிய ஈரம் இன்னும் காயவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் துவட்டிவிட்டு விளையாடப் போனேன்.